வெயில் பார்த்து நடங்கள்: கோடைப் பூங்கா கேள்வி–பதில்

கோடை நாளில் நகரப் பூங்காவில் இயற்கையைக் கவனித்து நடப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு முழு நாள் பூங்காவில் செலவிட நினைக்கிறோம். எத்தனை மணிக்குப் போவது நல்லது? வெயிலில் நடந்தால் ஏதாவது கண்ணில் படுமா?

முழு நாளும் நடக்க வேண்டாம். நாளைத் தவணைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறப் பூங்காவில் நடமாடும் உயிர்கள் மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதுதான் கோடை நடையின் சுவை.

சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதே வாசலில் நில்லுங்கள். காற்று அசையாது, வண்டிச் சத்தம் குறைவு, பறவைக் குரல் நெடுந்தூரம் கேட்கும். முதல் ஒன்றரை மணி நேரம் காதுக்கானது. எட்டு மணிவாக்கில் பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்துப் புதர்மேல் வெயில் காயத் தொடங்கும். உடற்சூடு ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அவற்றால் நன்றாகப் பறக்க முடியும். அதனால் இறக்கையின் கோலத்தை நிதானமாகப் பார்க்கவும் படமெடுக்கவும் அந்த வெயில் காயும் நேரமே தோது. பத்து மணிக்குப் பிறகு துரத்தித்தான் ஓட வேண்டியிருக்கும்.

உச்சிவெயிலில் நடை வேண்டாம். குளமோ தொட்டியோ இருந்தால் அதன் கரையில், நிழலில், 40 நிமிடம் உட்காருங்கள். தட்டான்கள் சுறுசுறுப்பாக இருப்பது அப்போதுதான். கரை ஈரத்தில் தேனீக்கள் வரிசையாக வந்து நீர் எடுக்கும். அது குடிப்பதற்கு மட்டுமல்ல: கூட்டுக்குள் நீர்த்துளிகளைப் பரப்பி, இறக்கையால் விசிறி, அடையைக் குளிர்விக்கின்றன. மாலையில் சூரியன் மறைய முக்கால் மணி இருக்கும்போது மீண்டும் வந்தால் மைனாவும் கிளியும் அடையத் திரும்புவதை எண்ணலாம்.

சின்னப் பிள்ளைகளும் முதியவர்களும் உடன் வந்தால் உச்சித் தவணையை விட்டுவிடுங்கள். வெயிலில் இருக்கும்போது 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலிட்டர் அளவுக்கு, நீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் நடையை அங்கேயே முடித்துவிடுங்கள். உடல் கொதித்துப் பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. உடனே ஆம்புலன்சை அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து விசிறுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வாரமும் மூன்று சுற்று வேகமாக நடக்கிறேன். காக்கை, புறா, அணில் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. எங்கள் பூங்காவில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. உங்கள் காலடி கேட்டதும் ஒளிந்துகொள்கிறது. மூன்று சுற்றை அரைச் சுற்றாகக் குறையுங்கள். 500 மீட்டருக்குள் ஐந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் சில நிமிடம் அமைதியாக இருக்கும். பிறகு உங்களைக் கண்டு நின்றுபோன வேலைகள் ஒவ்வொன்றாகத் தொடரும்.

எங்கே நிற்பது என்பது முக்கியம். புல்வெளியின் நடுவிலும் தோப்பின் நடுவிலும் கிடைப்பதைவிட, இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் அதிகம் கிடைக்கும். சொட்டும் குழாயடி, சருகு பெருக்காத மூலை, பூத்த மரம், பட்டுப்போன கிளை ஆகியவை மற்ற நான்கு இடங்கள். காய்ந்த மரத்தைப் ‘பார்க்க நன்றாயில்லை’ என்று பல பூங்காக்களில் வெட்டிவிடுகிறார்கள். பொந்தில் வாழும் கிளி, ஆந்தை, மரங்கொத்தி எல்லாவற்றுக்கும் அது வீட்டை இடிப்பது போலத்தான். ஆள் மேல் விழும் ஆபத்து இல்லாத இடத்தில் பட்ட மரம் நிற்கட்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பார்வையையும் தளம் தளமாக ஓட்டுங்கள்: முதலில் தரை, பிறகு அடிமரம், பிறகு இலைகளின் அடிப்புறம், கடைசியாகத்தான் உச்சி. பெரும்பாலோர் உச்சியை மட்டும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்புகிறார்கள். இலைமேல் வெள்ளை எச்சம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் நேர்மேலே ஒரு பறவை அடைகிறது என்று பொருள். சின்னப் பறவைகள் பல கூடி ஒரே கிளையைப் பார்த்துக் கத்தினால் அங்கே ஆந்தையோ பூனையோ பாம்போ இருக்கும்.

கேள்வி: ‘டுங்க் டுங்க்’ என்று செம்பு தட்டுவது போல ஒரு சத்தம் கோடையில் நாளெல்லாம் கேட்கிறது. எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை.

அது செம்மார்புக் குக்குறுவான், சிட்டுக்குருவி அளவுள்ள பச்சைப் பறவை. கூவும்போதே தலையை இடமும் வலமும் திருப்புவதால் ஒலியின் திசை நழுவிக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கைகளைக் காதுக்குப் பின்னால் குவித்து, சத்தம் மிக உரத்துக் கேட்கும் திசையைக் குறியுங்கள். பக்கவாட்டில் இருபது அடி தள்ளி நின்று மறுபடி குறியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் மரத்தின் மொட்டைக் கிளை நுனியில் தேடுங்கள். குயிலுக்கும் இதே முறை உதவும். ஆனால் குயில் இலையடர்த்திக்குள் இருக்கும். காக்கை துரத்தும்போது வெளியே வரும், அப்போது பார்த்துவிடலாம்.

கேள்வி: மதியத்தில் காக்கைகள் அலகைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கின்றன. தாகமா, நோயா?

இரண்டும் இல்லை. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய், தொண்டையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடற்சூட்டைத் தணிக்கின்றன. ஆந்தை, நீர்க்காகம், கொக்கு வகைகள் தொண்டைத் தோலையும் படபடவென்று அடிக்கும். புறாவுக்குத் தோல் வழியாகவே கணிசமான நீர் ஆவியாகும்.

இதையே ஓர் அளவீடாக ஆக்கலாம். நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை கண்ணில் படும் காக்கைகளில் எத்தனை அலகைத் திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் திறக்கும் வெப்பநிலை எது? காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஆவியாதல் மந்தமாகும் என்பதால், ஈரப்பதத்தையும் பக்கத்தில் எழுதினால் கணக்கு தெளிவாகும்.

சுற்றிலும் பாருங்கள், ஒவ்வொன்றும் தன் வழியில் சூட்டைச் சமாளிக்கிறது. அணில் நிழலான கிளையில் நாலு காலையும் பரப்பி வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும். தட்டான் குச்சி நுனியில் உட்கார்ந்து வாலை நேராகச் சூரியனை நோக்கித் தூக்கும். தலைகீழாக நிற்பது போலிருக்கும் இந்த நிலையில் வெயில் படும் உடற்பரப்பு மிகவும் குறைகிறது. அதன் நிழலைப் பாருங்கள், ஒரு புள்ளியாகச் சுருங்கியிருக்கும்.

கேள்வி: மரத்தடியில் விழும் வெளிச்சப் பொட்டுகள் ஏன் வட்டமாகவே இருக்கின்றன? இலை இடுக்குகள் வட்டமாக இல்லையே!

நல்ல கேள்வி. கோடை நடையில் காசில்லாமல் செய்யக்கூடிய மிக அழகான சோதனையும் இதுதான். அந்தப் பொட்டுகள் சூரியனின் பிம்பங்கள். இலைகளுக்கிடையே உள்ள சின்ன இடுக்கு ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. இடுக்கின் வடிவம் எதுவானாலும் தரையில் சூரியனின் வட்டமே விழும். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது மரத்தடி முழுக்கப் பிறைகளாக இருப்பது இதனால்தான்.

இதை வைத்து இடுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் கணக்கிடலாம். சூரியனின் தூரம் அதன் விட்டத்தைப் போல ஏறக்குறைய 108 மடங்கு. ஆகவே பிம்பத்தின் விட்டத்தை 108-ஆல் பெருக்கினால் இடுக்கு இருக்கும் தூரம் கிடைக்கும். பொட்டு 6 செ.மீ. என்றால் இடுக்கு ஏறக்குறைய 6.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தத் தூரம் கதிர் வந்த சாய்வான வழியில்தான், நேர் உயரம் அல்ல.

மூன்று இடத்தில் தவறு வரும். சூரியன் சாய்ந்திருக்கும்போது பொட்டு நீள்வட்டமாகும். அப்போது குறுகிய அகலத்தைத்தான் அளக்க வேண்டும். இடுக்கு பெரிதாக இருந்தால் இடுக்கின் வடிவமே விழும், அது கணக்குக்கு உதவாது. ஓரம் மங்கலாக இருக்குமென்பதால் ஒரு பொட்டோடு நிறுத்தாமல் ஐந்தாறு வட்டங்களை அளந்து சராசரி எடுங்கள். நம்பிக்கை வராவிட்டால் ஒரு கெட்டி அட்டையில் 3 மி.மீ. சதுர ஓட்டை போட்டு, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் வெயிலில் பிடியுங்கள். சதுரம் விழாது, ஏறக்குறைய 2 செ.மீ. வட்டம் விழும். தரையை மட்டும் பார்க்க வேண்டும். ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

கேள்வி: தகரக் கூரை நிழலைவிட மர நிழல் குளிர்ச்சியாக இருக்கிறதே, மனப்பிரமையா?

பிரமை இல்லை. வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, அந்தச் சூட்டைக் கீழே நிற்பவர் மேல் கதிராக வீசுகிறது. இலை அப்படிச் சூடாவதில்லை. வேர் எடுத்த நீர் இலைத்துளை வழியே ஆவியாகிறது. 1 லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை, அதை இலை தன்னிடமிருந்தே கொடுக்கிறது. அதனால் நீர் குடித்த மரத்தின் இலை சுற்றுக் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். வேருக்கு நீர் போதாவிட்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், குளிர்ச்சியும் குறையும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசுவதை நாம் எதிர்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கேள்வி: பத்துமணிப் பூ பத்து மணிக்குத் திறக்கும் என்கிறார்கள். எங்கள் பூங்காவில் சில நாள் பதினொன்றாகிறது. பூவுக்கு மணி தெரியுமா?

பூ படிப்பது வெளிச்சத்தையும் சூட்டையும்தான். வெளுத்த காலையில் முன்னதாகவே திறக்கும், மப்பு நாளில் தாமதிக்கும், சில நாள் திறக்காமலே போகும். அந்திமந்தாரை இதற்கு எதிர்: பிற்பகல் சாய்ந்து வெப்பம் இறங்கும்போது விரிந்து, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்காக இரவெல்லாம் திறந்திருந்து காலையில் வாடும். ஸ்வீடனின் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1751-இல், பூக்கள் திறந்து மூடும் நேரங்களை வரிசைப்படுத்திப் ‘பூக் கடிகாரம்’ என்ற யோசனையை வெளியிட்டார். அவர் ஊரின் பட்டியல் மற்ற ஊர்களில் பொருந்தாது, ஏனென்றால் பகலின் நீளமும் வெப்பமும் வேறு. உங்கள் பூங்காவுக்கு உங்கள் பட்டியல்தான். ஒரே பாத்தியில் பத்துப் பூக்களைக் குறித்துக்கொண்டு, ஐந்து விரிந்த நேரத்தை ‘திறந்த நேரம்’ என்று எழுதுங்கள். ஒற்றைப் பூவை நம்பினால் கணக்கு ஆடும்.

போகிற போக்கில் இன்னொன்று: விரிந்த பத்துமணிப் பூவின் நடுவிலுள்ள மகரந்தத் தாள்களைப் புல் நுனியால் மெல்லத் தொடுங்கள். தொட்ட பக்கமாகச் சாயும்.

கேள்வி: புங்க மரத்து இலையெல்லாம் பரு பருவாக இருக்கிறது. இன்னொரு மரத்தின் பட்டையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மருந்தடிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். புங்க இலைப் பரு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு சிலந்திப்பேன் செய்த வேலை. அது தூண்டிவிட, இலை தன் திசுவாலேயே கட்டிய அறைகள்தான் அந்தப் பருக்கள். மரம் இதனால் சாகாது. மருந்தடித்தால் பேன் பருவுக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே இருக்கும் நல்ல பூச்சிகள்தான் சாகும்.

இலைச் சேதத்தைப் படிக்கப் பழகுங்கள், ஆளைப் பார்க்காமலே யார் வந்தது என்று சொல்லிவிடலாம். ஓரத்தில் கத்தரித்தது போல வழவழப்பான அரைவட்டம் என்றால் இலைவெட்டித் தேனீ. தாறுமாறான கடி வெட்டுக்கிளியாகவோ கம்பளிப்பூச்சியாகவோ இருக்கும். இலைக்குள் வெள்ளையாக நெளியும் பாதை, இலையைத் துளைத்து உள்ளேயே வளரும் புழுவினுடையது. பாதை குறுகலாகத் தொடங்கும் இடத்தில் முட்டை பொரிந்தது, புழு வளர வளர அகலமாகிறது, நடுவில் ஓடும் கறுப்புக் கோடு அதன் எச்சம். உயிருள்ள இலைகளைச் சேர்த்துப் பந்தாக ஒட்டியிருந்தால் முசுறு எறும்பு. பெரிய எறும்புகள் இலையோரங்களை இழுத்துப் பிடிக்க, மற்றவை தங்கள் புழுக்களைத் தூக்கிவந்து அவற்றின் பட்டிழையால் ஒட்டுகின்றன. ஒரு மீட்டர் தள்ளியே நில்லுங்கள், கடி சுள்ளென்று இருக்கும்.

பட்டையிலுள்ள திட்டு லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர் அது. மரத்திலிருந்து உணவு எடுப்பதில்லை, பட்டை அதற்கு வெறும் இருக்கை. காற்றில் கந்தக டை ஆக்சைடு என்ற மாசு வாயு மிகுந்தால் பல லைக்கன்கள் அழிந்துவிடும். 1866-இல் தாவரவியலாளர் வில்லியம் நைலாந்தர் பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் செழித்திருப்பதையும் நகரின் மற்ற பகுதிகளில் அவை அரிதாக இருப்பதையும் கண்டு, காற்றின் தூய்மைக்கு இவை அளவுகோல் என்று எழுதினார். ஒரு நகரப் பூங்கா நடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியாது. நீங்களும் அட்டையில் 10 செ.மீ. சதுரச் சட்டம் வெட்டி, சாலையோர மரத்திலும் நடுப்பூங்கா மரத்திலும் ஒரே உயரத்தில், ஒரே திசையில் வைத்து, உள்ளே எத்தனை வகைத் திட்டுகள் என்று எண்ணலாம். இரண்டும் ஒரே இன மரமாக இருக்க வேண்டும். வழுக்கைப் பட்டையையும் சொரசொரப்புப் பட்டையையும் ஒப்பிட்டால் காற்றின் வித்தியாசம் தெரியாது, பட்டையின் வித்தியாசம்தான் தெரியும்.

கேள்வி: பைனாகுலர் வாங்கினோம். காலையில் தெளிவாகத் தெரிகிறது, மதியத்தில் கலங்குகிறது. கருவியில் கோளாறா?

கருவி சரியாகத்தான் இருக்கிறது. சுட்ட தரையிலிருந்து எழும் சூடான காற்றில் ஒளி வளைந்து நடுங்குகிறது. எந்த விலைக் கருவியும் இதைச் சரிசெய்யாது. தூரத்தைக் குறையுங்கள், சிமென்ட் தரைக்கு மேலாகப் பார்க்காமல் புல்லுக்கோ நீருக்கோ மேலாகப் பாருங்கள்.

காலையிலும் கலங்கினால் இரு கண்ணுக்கும் அளவு பொருத்தவில்லை என்று அர்த்தம். அதைப் பொருத்தும் சின்ன வளையம் பல கருவிகளில் வலக்கண் பக்கம் இருக்கும். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பி ஓர் இலையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி அதே இலையைத் தெளிவாக்குங்கள். கண்ணாடி அணிபவர்கள் ரப்பர் குவளையை உள்ளே தள்ளிவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் கால் மணி பையிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் பூக்கும்.

கேள்வி: பறவைக் குஞ்சு தரையில் கிடந்தால் எடுத்து வளர்க்கலாமா?

இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு தொலைந்த குஞ்சு அல்ல. பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாய், நடைபாதை ஆபத்து இருந்தால் மட்டும் அருகிலுள்ள புதரில் ஏற்றிவிட்டு, குறைந்தது 10 மீட்டர் விலகி ஒரு மணி நேரம் கவனியுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி உள்ளே வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. அலகில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிக் குஞ்சு செத்துவிடும். காயம் இருந்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து மீட்பு மையத்திடமோ கால்நடை மருத்துவரிடமோ கொடுங்கள்.

கேள்வி: செல்போன் செயலியில் படம் போட்டால் தப்பான பெயர் வருகிறது.

பெரும்பாலும் ஒரே ஒரு படம் போடுவதால்தான். செடிக்கு ஐந்து படம் வேண்டும்: முழு உருவம், இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா என்பது, பூ அல்லது காய். பட்டாம்பூச்சிக்கு இறக்கையின் மேல்புறமும் அடிப்புறமும் தேவை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கோலம். எருக்கஞ்செடியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தால் அந்தச் செடியையும் எடுங்கள். ‘வெந்தய வரியன்’ என்று பெயர் சொல்ல அதுவே பாதிச் சான்று.

பார்த்த உயிர்களைப் படத்தோடு பதிவதற்காக 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பூங்காப் பதிவுகளில் திரும்பத் திரும்ப நேரும் பிழை, நட்டு வளர்த்த மரத்தைக் காட்டுச்செடி போலப் பதிவது. ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்க மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் அந்த மரம் இங்கே தானாக முளைக்கிறது என்று ஆய்வாளர் எண்ணிவிடுவார்.

கேள்வி: சுவர்க்கோழி கத்துவதை எண்ணி வெப்பநிலை சொல்ல முடியுமாமே?

1897-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் இதற்குச் சூத்திரம் தந்தார். அதன் எளிய வடிவம்: 8 வினாடியில் கேட்கும் ஒலிகளோடு 5-ஐக் கூட்டினால் ஏறக்குறைய செல்சியஸ் அளவு. ஆனால் அது வட அமெரிக்காவின் ஒரு மரச் சுவர்க்கோழிக்குத்தான் நன்றாகப் பொருந்தும். சூடு ஏறினால் கத்தும் வேகமும் ஏறும் என்பது பொது, எண் இனத்துக்கு இனம் மாறும். ஒரே இடத்து ஒரே குரலை வெவ்வேறு வெப்பமுள்ள பத்து மாலைகளில் எண்ணி, வெப்பமானியோடு சேர்த்து வரைபடம் போட்டால் உங்கள் சுவர்க்கோழிக்கான சூத்திரம் கிடைக்கும்.

கேள்வி: குறிப்பேட்டில் என்ன எழுதுவது? வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோகிறது.

வீட்டில் எழுதாதீர்கள், நின்ற இடத்திலேயே எழுதுங்கள். பென்சில் போதும், வியர்வையில் பேனா மை கரையும். பக்கத்தின் தலையில் தேதி, தொடங்கிய நேரம், நிழல் வெப்பநிலை, மேகம், காற்று. காற்றை இலை பார்த்து எழுதலாம்: இலை சலசலத்தால் காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபர்ட் அளவில் 2, சின்னக் குச்சிகள் ஓயாமல் ஆடினால் 3, தூசியும் தாளும் கிளம்பினால் 4. நான்கில் பறவைக் குரல் எண்ணிக்கையை நம்ப முடியாது, அன்று பூச்சியும் இலையும் பாருங்கள்.

பெயரைத் தேடும் முன் பார்த்ததை எழுதுங்கள்: அளவு, நிறம் எந்த இடத்தில், என்ன செய்தது, எவ்வளவு நேரம். பெயர் தெரிந்த பிறகு எழுதினால், பார்க்காத அடையாளத்தையும் பார்த்ததாகக் கை எழுதிவிடும். எண்ணிக்கையை ‘நிறைய’ என்று எழுத வேண்டாம், ‘20–25’ என்று எழுதுங்கள். தேடிக் கிடைக்காததையும் பதியுங்கள். ‘குளத்தடி ஈரம் காய்ந்தது, தேனீ இல்லை, 11.40’ என்ற வரி, மழைக்குப் பிறகு அதே இடத்தில் தேனீ திரும்பும் நாளைக் கண்டுபிடிக்க உதவும்.